பூட்டியின் பெயர் என்ன?



இவ்விதழைக் கையில் ஏந்தியிருக்கும் தாங்கள், படிப்பதைச் சற்றே நிறுத்திவிட்டு ஒரு துண்டுத் தாளையும் எழுதுகோலையும் எடுத்துக் கொள்ள வேண்டுகிறேன். தாளின் அடியில் தங்கள் பெயரை எழுதுங்கள். அதற்கு மேல் வாப்பா, உம்மா இருவர் பெயர். அதற்கும் மேல் அவ்விருவரையும் பெற்ற நால்வர் பெயர். அந்நால்வரையும் பெற்ற எண்மர் பெயர் அதற்கடுத்த வரிசை. அவ்வெட்டுக் கட்டங்களில் எத்தனை நிரம்பின?

தூத்துக்குடியில் நான் பாடம் நடத்தும் மதரஸாவில், வாரிசுரிமைக் கலையாகிய ஃபராயிளைத் தொடங்கும் முதல் நாளில் மாணவர்களை இவ்வாறு எழுதச் சொல்வது என் வழக்கம். யார் யாருக்கு என்ன உறவு என்பது தெரியாமல் பங்கு பிரிக்க இயலாதல்லவா? தாய் உயிரோடு இல்லாதபோது பாட்டிக்கு ஆறில் ஒரு பங்கு உண்டு என்பது அக்கலையின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் ஒரு பாட்டி வந்து தமக்குரிய பங்கைக் கேட்டதும், அவர்கள் பிறரை விசாரித்து, முகீரா இப்னு ஷுஃபா (ரலி), முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) ஆகிய இருவரின் சாட்சியத்தின் பேரில் அதனை வழங்கியதும் நாம் அறிந்த வரலாறே. சாட்சி சொன்ன ஆடவர் இருவரின் பெயரும் அறிவிப்பில் உள்ளன. பங்கு பெற்ற மூதாட்டி ‘பாட்டி’ என்று மட்டுமே குறிக்கப்படுகிறார். இதனை நான் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒருநாளும் என் கருத்தில் இது உறைத்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில் 22 மாணவர்கள் இருந்தார்கள். வாப்பாவின் வாப்பாவினுடைய வாப்பா பெயரை ஏறக்குறைய அனைவரும் எழுதிவிட்டார்கள். மேல் வரிசையிலிருந்த பெண்களின் நான்கு கட்டங்களையும் நிரப்பியவர் ஒருவருமில்லை. “உஸ்தாது, நீங்கள் எட்டையும் எழுதுவீர்களா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். கேட்டது குறும்புக்காகத்தான். கரும்பலகையில் எழுதத் தொடங்கி, ஏழில் நின்றுபோனேன். எட்டாவது கட்டம், என் உம்மாவின் உம்மாவைப் பெற்ற தாய். அவர் 1918-ஆம் ஆண்டு விஷக் காய்ச்சலில் இளம் வயதிலேயே மௌத்தானவர் என்பது தெரியும். கைக்குழந்தையாக இருந்த என் பாட்டியை வளர்த்தவர் மாற்றாந்தாய். அந்த அம்மையாரையே குடும்பம் முழுவதும் ‘உம்மா’ என்றழைத்துப் பழகிவிட்டதால், பெற்றவரின் பெயர் நாவிலிருந்து நழுவிப் போயிற்று. அவருடைய வீட்டின் பின்புறம் ஒரு கிணறு இருந்ததால் ‘கிணற்று வீட்டும்மா’ என்று எப்போதாவது குறிப்பிடுவார்கள். அவ்வளவுதான்.

அந்த ஒரு பெயரைத் தேடிப் போனதில் நான் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன். தங்கள் குடும்பத்திலும் யாரேனும் இத்தேடலில் இறங்கினால் பயன்படக்கூடும்.

ஓர் ஆங்கிலச் சிற்றூரும் நம் கடற்கரையும்

இங்கிலாந்தில் முன்னோரைத் தேடுவது இன்று பெரியதொரு பொழுதுபோக்கு. அங்கே ஏதேனும் ஒரு சிற்றூரில் ஏர் பிடித்த கூலியாளின் பரம்பரையைக்கூடப் பல தலைமுறைகள் பின்னோக்கித் தொடர முடிகிறது. எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், 1538-ஆம் ஆண்டில் ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். 1837-இல் அரசே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யத் தொடங்கிற்று. 1841 முதல் குடிமதிப்பில் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டு, நூறாண்டுகள் கழித்து அவ்வேடுகள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. 1921-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு ஏடுகள் 2022-இல் வெளியாயின. 1931-ஆம் ஆண்டு ஏடுகள் தீயில் எரிந்து போயின என்பது அவர்களுக்கு இன்றும் ஆறாத மனக்குறை.

நம் நாட்டிலும் 1871, 72 முதல் குடிமதிப்பு நடந்து வருகிறது. ஆனால் அது எண்ணிக்கைக்காக எடுக்கப்பட்டதேயன்றிப் பெயருக்காக அன்று. கணக்கு முடிந்ததும் பெயர் எழுதிய தாள்கள் கழிக்கப்பட்டன. இன்றைய சட்டப்படியும் தனியொருவரின் குடிமதிப்புத் தாளை எவரும் பார்வையிட முடியாது. ஆகவே அவ்வழி நமக்கு அடைபட்டது.

இங்கிலாந்தில் கிராம்வெல் கட்டளையிட்ட அதே 1538-ஆம் ஆண்டில் நம் கடலில் என்ன நடந்தது தெரியுமா? வேதாளையில், மரைக்காயர்களின் கப்பற்படையைப் போர்த்துக்கீசியத் தளபதி மார்ட்டின் அஃபோன்சோ தெ சூசா முறியடித்தார். அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்புதான் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறிஸ்தவம் தழுவியிருந்தார்கள். அந்த ஊர்களில் பங்குக் கோயில்களும், கோயில்களோடு ஞானஸ்நானப் பதிவேடு என்னும் வழக்கமும் வந்தன. ஃபெர்னாண்டோ, மச்சாடோ, ரோச், கொரேரா என்று குடும்பப் பெயர்களும் ஒட்டிக் கொண்டன. தூத்துக்குடியில் எனக்கு அறிமுகமான பரதவப் பெரியவர் ஒருவர் தம் பாட்டியின் ஞானஸ்நானத் தேதியை மனப்பாடமாகச் சொன்னபோது, எனக்குச் சிறிது பொறாமையாகவே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வூரில் ஓர் ஆங்கிலக் குழந்தை பிறந்து ஞானஸ்நானம் பெற்றால், அப்பதிவின் நகல் சென்னை மாகாண ஏடுகளோடு சேர்ந்து லண்டனுக்குப் போய்விடும். இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் அவ்வேடுகளைத் தேடிப் பார்க்கலாம். சென்னை மாகாணத்திலுள்ள பழைய ஐரோப்பியக் கல்லறை எழுத்துகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் அதிகாரி திரட்டி 1905-இல் ஒரு நூலாகவே அச்சிட்டுவிட்டார். நான்கே மாதம் உயிரோடிருந்த ஓர் ஆங்கிலச் சிசுவுக்குக் கடல் கடந்து ஒரு வரி எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. அடுத்த தெருவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, மணந்து, ஒரு மகளைப் பெற்றுவிட்டுப் போன என் பூட்டிக்கு அது இல்லை.

நம் பள்ளிவாசல்களில் ஏடுகள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஜமாஅத் நிக்காஹ் தஃப்தர்கள் பல ஊர்களில் நூறாண்டுக்கு மேற்பட்டவை. ஆயினும் அவற்றை எழுதியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் அக்காலத்தில் கட்டாயப்படுத்தவில்லை. 1880-ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டம் காஜி நியமனத்தைப் பற்றியதே. எழுத்தரின் அக்கறையைப் பொறுத்தே ஏடும் அமைந்தது. நான் தேடிச் சென்ற ஒரு பள்ளியில் பழைய தஃப்தரைச் செல் அரித்திருந்தது. மற்றொன்றில் ஏடு நன்றாகவே இருந்தது. மணமகன் பெயர், அவர் தந்தை பெயர், மஹர் தொகை, சாட்சிகள் எல்லாம் அழகிய கையெழுத்தில் இருந்தன. மணமகள் இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்னாருடைய குமாரத்தி’ என்று மட்டும் எழுதிப் பக்கம் பக்கமாக நிரப்பியிருந்தார்கள்!

கபுறுகளைப் பார்க்கலாமே என்பீர்கள். காயல்பட்டினத்தின் பழைய பள்ளிகளில் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய அரபு எழுத்துகள் செதுக்கிய மீஸான் கற்கள் உள்ளன. மெஹர்தாத் ஷொக்கூஹி என்னும் ஆய்வாளர் காயல்பட்டினம், கீழக்கரை, மதுரை ஆகிய ஊர்ப் பள்ளிகளையும் கல்லெழுத்துகளையும் ஆராய்ந்து 2003-இல் ஒரு பெருநூல் வெளியிட்டிருக்கிறார். ஆனால் அக்கற்கள் செல்வர்களுக்கும் சான்றோர்களுக்கும் உரியவை. கபுறின்மீது எழுதி வைப்பதையே உலமாக்களில் பலர் விரும்புவதில்லை. எளியோரின் மையவாடியில் ஒரு கல்லை நட்டு அடையாளம் வைப்பதோடு சரி; சில காலத்தில் அதே மண்ணில் வேறொருவர் அடக்கமாவார். அது நம் வழக்கம், அதில் எனக்குக் குறையில்லை. பரம்பரை தேடுபவருக்கு மட்டும் அங்கே ஒன்றும் கிடைக்காது.

குதிரை வணிகரா, கல் கட்டி மூழ்கியவரா?

நம் கடற்கரைக் குடும்பங்களில் பத்துப் பெரியவர்களைக் கேட்டால், எட்டுப் பேர் தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து குதிரை வணிகத்துக்கு வந்தவர்கள் என்பார்கள். இது வெறுங்கதை என்று தள்ளிவிட முடியாது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வருவதைக் கண்டு எழுதியிருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கீஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்பட்டதையும், அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் இங்கே பாண்டியரிடம் உயர்பதவி வகித்ததையும் பதிவு செய்கிறார். தாமிரபரணி கொணர்ந்த மணல் பழைய துறைகளைத் தூர்த்துவிட்டதால், பழைய கொற்கையும் பழையகாயலும் இன்று கடலைவிட்டு விலகி நிற்கின்றன.

ஆயினும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். கப்பலில் குதிரை வந்தது, மாலுமி வந்தார், வணிகர் வந்தார். பெரும்பாலும் அவர்களுடைய மனைவியர் வரவில்லை. அவர்கள் இங்கேதான் மணந்தார்கள். நம் வாப்பாமாரில் ஒருவர் அரபியாக இருந்தார் என்றே வைத்துக் கொண்டாலும், முதல் உம்மா இந்த மணலில் பிறந்தவர்தாம். நாம் தமிழ் பேசுவது அவராலேதான். பரம்பரைப் பெருமை பேசுகிறவர்கள் எட்டுக் கட்டத்தில் ஒன்றையே பிடித்துக் கொண்டு ஏழை விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அயலார் எழுதி வைத்த ஏடுகளும் பெருமக்களையே காட்டுகின்றன. 1658-இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் வி.ஓ.சி. என்பது வேடிக்கையான ஒற்றுமை. அன்னியக் கப்பலுக்கு எதிராக 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரனாரின் பெயரை நம் துறைமுகத்துக்கு 2011-இல் சூட்டினார்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றே! ஒல்லாந்தர் கம்பெனியின் ஏடுகள் நெதர்லாந்தின் ஹேக் நகரிலும், கொழும்பிலும், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. 2003-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவேடுகளின் பட்டியலில் சேர்த்தது. கீழக்கரைப் பெரிய தம்பி மரைக்காயரின் வணிகத்தை அவ்வேடுகளில் பின்தொடர முடிகிறது. முத்துக்குளிப்புக் கணக்கோ வேறு விதம். காலில் கல் கட்டி மூழ்குபவர்களைக் ‘கல்’ என்றே எண்ணினார்கள். கிறிஸ்தவர் இத்தனை கல், ‘மூர்’ என்று அவர்கள் அழைத்த நம்மவர் இத்தனை கல், இந்துக்கள் இத்தனை கல். மூச்சடக்கி ஆழத்தில் இறங்கிய மனிதர் ஏட்டில் கல்லாகிப் போனார்.

சுதேசிக் கப்பல் கம்பெனியிலும் இதே நிலைதான். ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் அவர்கள் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கியது வரலாற்றில் நிற்கிறது. தூத்துக்குடிக் கடைத்தெருவில் இருபத்தைந்து ரூபாயைப் புரட்டி ஒரு பங்கு வாங்கியவரைப் பற்றி அவருடைய பேரர்கள் சொன்னால்தான் உண்டு.

பெண்ணுக்கு வீடு, வீட்டுக்குப் பத்திரம்

இனி நான் கண்ட வழியைச் சொல்கிறேன். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன் மணமகள் வீட்டுக்குக் குடிபோவதும், வீடு பெண்மக்களுக்கே போவதும் நெடுநாளைய வழக்கம். இலங்கையின் கிழக்குக்கரை முஸ்லிம்களிடமும் இது உண்டு. இந்த வழக்கத்தின் நன்மை தீமைகளைப் பற்றி நம் ஏடுகளில் நிறையவே விவாதித்தாகிவிட்டது. அதற்குள் நான் புகவில்லை. தேடுபவருக்கு அதில் ஒரு பெரும் பயன் இருக்கிறது. ஆணின் பெயர் கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் அலைந்து தொலைந்து போகும். பெண்ணோ வீட்டோடு இருக்கிறாள். வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறது. பத்திரத்தில் ‘இன்னார் குமாரத்தி’ என்று மட்டும் எழுதினால் சொத்து செல்லாது. ஆகவே எழுத்தருக்கு அங்கே மட்டும் பெண்ணின் பெயர் தேவைப்பட்டது!

என் பூட்டியின் வீடு 1950-களிலேயே கைமாறிவிட்டது. இன்றைய உரிமையாளர் பெருந்தன்மையோடு தம்மிடமிருந்த மூலப் பத்திரங்களின் எண்களைத் தந்தார். பதிவு அலுவலகங்களில் கணினி வழியே கிடைக்கும் வில்லங்கச் சான்று அண்மைப் பத்தாண்டுகளுக்கே உரியது. அதற்கு முற்பட்டவற்றைக் கையெழுத்து அட்டவணைகளில்தான் தேட வேண்டும். பெயர் வாரியாக ஒன்று, சொத்து வாரியாக ஒன்று என இரு அட்டவணைகள் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் 1986-இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய மாவட்ட அளவிலான ஏடுகள் எதுவாயினும் திருநெல்வேலியை நினைவில் கொள்ள வேண்டும். நான் சென்ற ஓர் அலுவலகத்தில், “நூறு வருஷத்துப் பத்திரம் உங்களுக்கு எதற்கு? வழக்கா?” என்று கேட்டார்கள். பூட்டியின் பெயர் தெரிய வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். ஐந்து வாரம் சென்றேன்.

கிடைத்தது ஒரு தானப் பத்திரத்தின் நகல். அதன் தேதி ‘கொல்லம் 1089, ஆனந்த ஆண்டு, வைகாசி’ என்றிருந்தது. நம் திருநெல்வேலிச் சீமையின் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு பரவலாக வரும். அத்துடன் 825-ஐக் கூட்டினால் கிறிஸ்தவ ஆண்டு; ஆவணி முதல் மார்கழி நடுவு வரையிலான தேதிகளுக்கு 824-ஐக் கூட்ட வேண்டும். ஆக 1914. அறுபதாண்டுச் சுழற்சியிலும் 1914, 15 தான் ஆனந்த ஆண்டு. இரண்டும் ஒத்துவந்தால் ஐயமில்லை. பாட்டி வீட்டுக் கிதாபு ஒன்றின் முன்தாளில் அரபுத்தமிழில் ‘ஹிஜ்ரி 1332 ரஜபில் நிக்காஹ்’ என்று பெயரில்லாத ஒரு குறிப்பை முன்பே பார்த்திருந்தேன். ஹிஜ்ரி 1332-இன் ரஜப் பிறந்தது 1914 மே மாதக் கடைசியில். வைகாசியேதான்! வீட்டைத் தந்ததும் மணம் முடித்ததும் ஒரே மாதத்தில் நடந்திருக்கின்றன.

பழைய கிதாபுகளின் முன்தாள்களைத் தாங்களும் புரட்டிப் பாருங்கள் என்று இவ்விடத்தில் கேட்டுக் கொள்கிறேன். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் அவற்றை ‘ஏதோ ஓதல்’ என்றெண்ணிப் பள்ளிவாசலில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். பிறப்பும் மௌத்தும் கடனும் அவற்றிலே இருக்கும்.

பத்திரத்தில் என் பூட்டியின் பெயர் இருந்தது. அவர் தந்தையின் பெயர் இருந்தது. வீட்டின் நான்கு எல்லைகளும், எல்லைக்கு அப்பாலிருந்த வீட்டுக்காரிகளின் பெயர்களும் இருந்தன. அவர்களில் இருவர் அவருடைய சகோதரியர் என்பது தந்தை பெயரால் விளங்கிற்று. ஓலை வேய்ந்த வீடு, ஒரு கிணறு என்றும் எழுதியிருந்தது. தந்தையைப் பற்றிய வரிதான் எங்கள் குடும்பத்தில் புயலைக் கிளப்பியது. ‘கீழக்கரையிலிருந்து வந்து இவ்வூரில் குடியிருந்து வரும், சங்கு குளிக்கும் தொழில்’ என்றிருந்தது அது.

எங்களுக்கும் குதிரை வணிகர் கதை உண்டு என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் பெரிய மாமா நகலை மூக்குக்கண்ணாடியோடு இருமுறை படித்துவிட்டு, “இது வேறு யாரோவாக இருக்கும்” என்றார். கிதாபுக் குறிப்பைக் காட்டினேன். “அப்படியென்றால், தொழிலை எழுதியவன் தப்பாக எழுதியிருப்பான்” என்றார். பிறகு நெடுநேரம் பேசவேயில்லை.

சங்கு குளிப்பது இழிந்த தொழிலன்று. மன்னார் வளைகுடாவின் சங்கு வங்காளத்துக்குப் போய் அங்குள்ள பெண்களுக்கு வளையலாயிற்று. கீழக்கரை முஸ்லிம்கள் அதில் பேர்போனவர்கள். முத்துக்குளிப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது; 1961-க்குப் பின் தூத்துக்குடியில் அது நடைபெறவே இல்லை. சங்குதான் சோறு போட்டது. சுறாமீனுக்கும் மூச்சுக்கும் நடுவே, ஒரு மனிதர் சங்கு சங்காகப் பொறுக்கி எடுத்துத் தம் மகளுக்கு ஓர் ஓலை வீட்டைப் பத்திரம் பதிந்து கொடுத்திருக்கிறார். குதிரை வணிகரைவிட இவர் எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறார். மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் இன்னும் ஒப்பவில்லை.

பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. அது என் மூத்த ராத்தாவின் பள்ளிச் சான்றிதழில் உள்ள அதே பெயர்! வீட்டில் அவரை அப்பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை, செல்லப் பெயர்தான். ஒரு ஸஹாபிப் பெண்மணியின் பெயர் என்பதால் திட்டவும் அதட்டவும் கூடாதென்று அப்படி அழைப்பதாக நினைத்திருந்தோம். 1970-இல் அப்பெயரைத் தேர்ந்து வைத்தவர் எங்கள் பாட்டி. முகமே நினைவில்லாத தம் தாயின் பெயரை முதல் பேத்திக்கு வைத்துவிட்டு, யாரிடமும் காரணம் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஐந்து வாரம் அலுவலக வாசலில் நின்று தேடிய பெயர், எங்கள் வீட்டுப் பெட்டியில் ஐம்பது ஆண்டுகளாக இருந்திருக்கிறது.

அப்பெயரை இங்கே அச்சிட வேண்டும் என்று விரும்பினேன். பெண்மக்கள் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று குடும்பத்துப் பெரியவர்கள் கூறிவிட்டார்கள். இதிலுள்ள முரண்பாடு எனக்குத் தெரியாமலில்லை. இப்னு ஸஅது தம் ‘தபகாத்’ நூலின் கடைசிப் பகுதியை முழுவதுமாகப் பெண்களுக்கே ஒதுக்கி, பெயர், தந்தை பெயர், தாய் பெயர் என்று எழுதி வைத்தார். ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையில் பெண்களின் பெயர்களை மறைக்க நம் முன்னோர் வெட்கப்படவில்லை. எங்கிருந்து இந்தக் கூச்சம் வந்து சேர்ந்ததோ! எனினும் உயிரோடிருக்கும் மூத்தோரின் மனம் நோக எழுதுவது எனக்கு இயலாது.

கடலுக்கு அப்பால்

எல்லையில் பெயர் கண்ட சகோதரியர் இருவரில் ஒருவர் கொழும்புக்கு வாழ்க்கைப்பட்டார் என்று ஒரு வாய்மொழி உண்டு. 1914-இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறக்கும் வரை இலங்கைக்குப் போகும் பெருவழி தூத்துக்குடியே. கணவர்களோடு சில பெண்களும் கப்பலேறினார்கள். 1948-க்குப் பின் குடியுரிமைச் சட்டங்களும் கடவுச்சீட்டும் வந்து உறவுகளை இரண்டாக வகுத்தன. இலங்கைக் குடிமதிப்பில் ‘இலங்கைச் சோனகர்’, ‘இந்தியச் சோனகர்’ என்று இரு பிரிவு எழுதப்பட்டது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டிலும் இருந்திருக்கக் கூடும். 2011-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் ஓடியது. சில மாதங்களில் நின்றுபோயிற்று.

இலங்கையில் உறவுள்ளவர்களுக்கு ஒரு செய்தி. அங்கே 1929-ஆம் ஆண்டுச் சட்டமும் 1951-ஆம் ஆண்டுச் சட்டமும் முஸ்லிம் திருமணங்களை அரசு ஏட்டில் பதியச் செய்தன. மணமகளின் கையொப்பத்துக்குப் பதிலாக வலீயின் கையொப்பமே இருக்கும். எனினும் பெயர் இருக்கும். என் சகோதரி வழிக் கிளையை அவ்வேடுகளில்தான் தேட இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

உறவைச் சேர்ந்து வாழ்வதற்கு வேண்டிய அளவு வமிசத்தை அறிந்து கொள்ளுங்கள் என்னும் கருத்தில் திர்மிதீயில் ஒரு நபிமொழி இருக்கிறது. பெருமையடிப்பதற்கு வமிசத்தைப் பேசுவதைக் கண்டிக்கும் நபிமொழிகளும் உள்ளன. என் மாமாவுக்கு இரண்டையும் எடுத்துச் சொல்லும் துணிவு இன்னும் வரவில்லை.

ஏடுகளைவிட முதியவர்களிடமே முதலில் சென்றிருக்க வேண்டும் என்பதை நான் பிந்தித்தான் உணர்ந்தேன். அவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். திருச்செந்தூருக்கு ரயில் வந்தபோது என்றால் 1923. தனுஷ்கோடி அழிந்தபோது என்றால் 1964 டிசம்பர். தாது வருஷப் பஞ்சம் என்று தம் பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இருந்தால் அது 1876 முதல் 78 வரை. அவசரப்படாமல் எதிரே அமர்ந்து கேட்டால் ஒன்றைத் தொட்டு ஒன்று வரும்.

சென்ற ரமலானுக்கு முன், பெரிய தாளில் எழுதிய எங்கள் குடும்ப வமிசப் படத்தை எடுத்துக் கொண்டு பெரியும்மாவைப் பார்க்கப் போனேன். உம்மாவின் மூத்த சகோதரி; எண்பத்தைந்து வயதாகிறது. எட்டுக் கட்டமும் நிரம்பிவிட்டதைக் காட்டி, ஒவ்வொரு பெயராகப் படித்துச் சொன்னேன். மகிழ்ச்சியோடு கேட்டுக் கொண்டிருந்தவர், தம்முடைய கட்டம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“எனக்குக் கீழே நாலு கோடுதான் போட்டிருக்கே. ஆறு போடணும் வாப்பா.”

இரண்டு பிள்ளைகள் சிசுவிலேயே போய்விட்டன என்பது எனக்குத் தெரியாது. யாருமே சொன்னதில்லை. மூத்தது இருபது நாள். மற்றது தனுஷ்கோடி அழிந்த மாதம் பிறந்து, நாற்பது முடியுமுன் போய்விட்டது. ஏழாம் நாள் தலைமுடி இறக்கி அகீகா கொடுத்துப் பெயர் வைத்தார்களாம். எந்த ஏட்டிலும் எழுதவில்லை. பள்ளி மையவாடியில் இடம்கூட அடையாளம் இல்லை. பெயர்கள் மட்டும் பெரியும்மாவிடம் இருந்தன.

தமிழில் எழுதப் போனேன். “அரபுத்தமிழில் எழுது. நானே வாசிக்கணும்” என்றார். அவர் கட்டத்திலிருந்து இரண்டு சிறு கோடுகளை இழுத்து, அவர் சொன்னபடி எழுதித் தாளை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக் கொண்டு, விரலை வைத்து, வலமிருந்து இடமாக ஒவ்வோர் எழுத்தாக இரு பெயர்களையும் வாசித்தார். இரண்டாவதில் ஒரு மத்து விட்டுப் போயிருந்தது. அதையும் போடச் சொன்னார்.